பெடல் எந்த இடத்தில் கீழே போனது? பழைய ஹேட்ச்பேக்கில் ஒரு பிரேக் வழக்கு

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீண்ட வலது வளைவு ஒன்று, அதன் பிறகு முன்னூறு மீட்டர் நேர்பாதை, அதன் முடிவில் இறுக்கமான ஒரு இடது வளைவு. மணிக்கு 135 கி.மீ. வேகத்தில் வந்து பிரேக்கை மிதித்தேன். பெடல் பாதி தூரம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் சும்மா கீழே போனது. காலை எடுத்து மறுபடி மிதித்தேன், இப்போது மேலேயே கெட்டியாக நின்றது, பிரேக்கும் பிடித்தது. ஆனால் அந்த வேகத்தில் ஒரு நொடி என்பது 37 மீட்டர். வளைவு வந்துவிட்டது, பிரேக்கை மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், எடையெல்லாம் முன்னால் போய் பின்பக்கம் லேசாகி வெளியே சுழன்றது. புல்லில் பின்னோக்கிச் சறுக்கிப் போய் நின்றேன். எதன் மேலும் மோதவில்லை. அடிபட்டது என் பெருமை மட்டும்தான்.

அது அந்த வண்டியோடு எனக்கு மூன்றாவது டிராக் டே (சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள்). பிரேக் மேல் சந்தேகம் வந்தது முதல் நாளே. இரண்டு முறை "சரி பண்ணி"யும் இருந்தேன். அந்த இரண்டு சரிபண்ணலில் ஒன்று தேவையானது, இன்னொன்று பிரச்சினையையே உருவாக்கியது. மூல காரணமோ பிரேக்கிலேயே இல்லை, நானே என் கையால் இறுக்கிய ஒரு நட்டில் இருந்தது. எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதுதான் இந்தக் கதை.

வண்டி: இருபது வயதைத் தாண்டிய ஹேட்ச்பேக், 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், முன் சக்கர இயக்கம், பின்னால் டார்ஷன் பீம், டிரம் பிரேக். ஆள் ஏறினால் 1,080 கிலோ. பழைய ஹேட்ச்பேக்கை எதற்கு டிராக்குக்குக் கொண்டுபோகிறாய் என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் எடைதான். 1976-ல் விற்பனைக்கு வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐ 110 குதிரைத்திறன், சுமார் 810 கிலோ. பெஜோ 205 ஜிடிஐ 1984-ல் 1.6 லிட்டரில் 105 குதிரைத்திறனோடு வந்தது. இன்றைய கணக்கில் இந்த எண்களெல்லாம் குடும்ப வண்டி எண்கள். ஆனால் லேசான வண்டி டயரைத் தின்னாது, பிரேக்கை வாட்டாது, தப்பு செய்தால் மன்னிக்கும். பின்சக்கரம் வெளியே வரும் விஷயத்தில் மட்டும் மன்னிக்காது. குட்டையான வீல்பேஸ், லேசான பின்பக்கம், வளைவு நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அது உங்களை முந்திக்கொண்டு போகப் பார்க்கும்.

முதல் டிராக் டேக்கு வண்டி கிட்டத்தட்ட அப்படியே போனது. எஞ்சின் ஆயிலை மேல் கோடு வரை நிரப்பினேன் (நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி உறிஞ்சும் குழாய் காற்றை இழுத்தால் பேரிங் போய்விடும், பழைய எஞ்சின்களில் இது பெரிய தொல்லை). உள்ளே கிடந்த சாமான்களை எல்லாம் எடுத்தேன், டயரில் காற்றைக் குறைத்தேன், ஹெல்மெட் மாட்டினேன், அவ்வளவுதான். நான்காவது லேப்பில் பெடல் பஞ்சுபோல் ஆனது. ஒவ்வொரு லேப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக மோசமானது. பிட்டுக்கு (தடத்தோரம் வண்டி நிறுத்தும் இடம்) வந்து அரைமணி நேரம் ஆறவிட்டால் ஓரளவு திரும்பியது.

இது பாடப்புத்தகக் கேஸ், பிரேக் ஆயில் கொதித்தது. நேர்பாதையின் கடைசியில் 150-லிருந்து 70-க்கு இறங்கும்போது அந்த எடை வண்டி கிட்டத்தட்ட 730 கிலோஜூல் ஆற்றலைப் பிரேக்கில் கொட்டுகிறது. இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும், அதுவும் மூன்று நொடிக்குள், ஒவ்வொரு லேப்பிலும். அதில் பெரும்பங்கு முன் டிஸ்க்குகளுக்குத்தான் போகும். கிளைகால் வகை பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும் என்பது விதி, 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த பிறகு அதே விதி கேட்பது வெறும் 155 டிகிரிதான். என் வண்டியில் இருந்த ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினேன் என்று எனக்கே நினைவில்லை. கொதித்தால் ஆவிக்குமிழி, குமிழி அமுங்கும், பெடல் பஞ்சாகும்.

பெடல் கெட்டியாகவே இருந்து வண்டி மட்டும் நிற்காமல் போனால் அது வேறு நோய், டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேட் சூடாகிப் பிடிப்பை இழப்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். நான் அதைக் குழப்பவில்லை, அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. பிற்பாடு மாட்டியது அந்தக் கர்வத்தில்தான்.

அன்றைக்குச் செய்ய வேண்டியது புது ஆயில், நல்ல பேட். முடிந்தது விஷயம். நான் செய்தது என்ன? 260 டிகிரி தாங்கும் டாட் 5.1 ஆயில் ஊற்றினேன், சரி. டிராக்குக்கான பேட் வாங்கினேன், சரி. அதோடு நிறுத்தாமல் நான்கு பிஸ்டன் காலிப்பரும் (பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் கவ்வி) பெரிய டிஸ்க்கும் வாங்கினேன். நியாயமாக எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன், ஆனால் உண்மை என்னவென்றால் சக்கரத்தின் இடுக்கு வழியாகத் தெரியும் அந்தக் காலிப்பர் பார்க்க அழகாக இருந்தது. கூடவே அரை ஸ்லிக் டயர் (பிடிப்பு அதிகமுள்ள டிராக் டயர்), தாழ்ந்த ஸ்பிரிங், காலிப்பர் இடிக்காமல் சக்கரத்தை வெளியே தள்ளிவைக்க 20 மி.மீ. ஸ்பேசர். இந்த வேலைகளுக்கு நடுவில், இடது பக்கம் சிவி ஜாயிண்ட் பூட் (ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்திருப்பதைப் பார்த்து அதையும் மாற்றினேன். இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள், நான் மறந்துவிட்டேன்.

இரண்டாவது டிராக் டேயில் பிரேக் அபாரம். பேட் கடிக்கும் விதமே வேறு. ஆனால் எப்போதாவது ஒருமுறை பெடல் நீளமாகப் போகும், அடுத்த மிதிப்பில் சரியாகிவிடும். பிரேக் குழாயில் ஏர் இருக்கிறது என்று முடிவு செய்து, செஷனுக்கு நடுவிலேயே நான்கு சக்கரத்துப் பிரேக்கிலும் ஏர் எடுத்தேன். ஒரு குமிழி வரவில்லை. மனித மனசைப் பாருங்கள், குமிழி வராததைக் கண்டு "ஏர் இல்லை" என்று முடிவு செய்யாமல், "கவனிக்காமல் வெளியே போயிருக்கும்" என்று முடிவு செய்தேன். அடுத்த செஷனில் இரண்டே முறைதான் அப்படி ஆனது, எனக்குத் திருப்தி.

மூன்றாவது நாள் புல்லில் பின்னோக்கி நின்றதுதான் மேலே சொன்னது.

பிட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஆயில் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். பல வருஷமாகப் பழைய ஹேட்ச்பேக்குகளையே ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எந்த எடத்துல தம்பி பெடல் போச்சு?"

"எல்லா எடத்துலயும்தான் அண்ணே, எப்பவாவது ஒரு தடவை."

"எல்லா எடத்துலயுமா? மெயின் ஸ்ட்ரெய்ட் கடைசில?"

யோசித்துப் பார்த்தேன். அங்கே ஒருமுறைகூட ஆனதில்லை. 150-லிருந்து 70, மொத்த டிராக்கிலும் பிரேக் அதிகம் சூடாவது அங்கேதான். ஆயில் கொதித்தால் முதலில் தெரிய வேண்டிய இடம் அது. அங்கே பெடல் கல்லுமாதிரி நின்றிருக்கிறது. போனதெல்லாம் அந்த நீண்ட வலது வளைவு முடிந்த பிறகு வரும் முதல் மிதிப்பில்தான். "அப்ப சூடு இல்ல. சக்கரத்தை ஆட்டிப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் தன் வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

அப்போதுதான் இன்னொரு சாட்சியும் கண்ணில் பட்டது. காலிப்பரில் நானே ஒட்டிவைத்த வெப்பப்பட்டை, சூடு ஏறியதும் கட்டம் கட்டமாக நிரந்தரமாகக் கறுக்கும் வகை. 160 டிகிரிக்கு மேல் ஒரு கட்டமும் கறுக்கவில்லை. உள்ளே பிஸ்டனுக்குப் பின்னால் கொஞ்சம் கூடுதல் சூடு இருக்கும், இருந்தாலும் புது ஆயிலின் 260-க்கு அது எங்கே, இது எங்கே. பட்டையை ஒட்டினேனே தவிர குனிந்து பார்க்கவில்லை.

ஜாக்கி போட்டு முன் இடது சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினேன். டக், டக். சத்தம் சின்னதுதான், ஆனால் கையில் தெரிந்தது. இன்னொரு ஆளை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினேன், ஆட்டம் நின்றுவிட்டது. பிரேக் மிதித்தால் ஆட்டம் நிற்கிறதென்றால் பால் ஜாயிண்ட் அல்ல, வீல் பேரிங். அன்றைக்கு மேற்கொண்டு ஓட்டவில்லை.

வீட்டுக்கு வந்து சக்கரத்தைக் கழற்றி, வாஷர் வைத்து டிஸ்க்கை ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) இறுக்கி, நுண்ணிய அசைவையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை டிஸ்க்கின் விளிம்பில் வைத்தேன். சுற்றிப் பார்த்தால் கோணல் 0.04 மி.மீ., டிஸ்க் மேல் குற்றமில்லை. கடப்பாரை போட்டு நெம்பினால் முள் 0.35 நகர்ந்தது. வலது பக்கம் அதே நெம்பலுக்கு 0.04. அது என் கை பலத்தில். டிராக்கில் அந்த வளைவு கொடுக்கும் பலம் வேறு.

இனி கணக்கு. பிரேக்கை விட்டதும் பிஸ்டன் ரப்பர் சீல் அதை ஒரு மயிரிழை அளவுதான் பின்னால் இழுக்கும், அதனால் பேட் எப்போதும் டிஸ்க்கை ஒட்டியே இருக்கும். வளைவில் பேரிங் ஆட்டத்தால் டிஸ்க் சாய்ந்து பேட்டை இடித்தால் பிஸ்டன் உள்ளே தள்ளப்படும். வளைவு முடிந்து டிஸ்க் நேரானதும் இடைவெளி நிற்கும், அதை நிரப்ப அடுத்த மிதிப்பில் ஆயில் வேண்டும். இதற்கு நாக்-பேக் என்று பெயர். என் காலிப்பரில் ஒரு பக்கத்துக்கு 38 மி.மீ. பிஸ்டன் இரண்டு, அவற்றின் பரப்பு சுமார் 2,270 சதுர மி.மீ. பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பரப்பு 335. பிஸ்டன்கள் அரை மி.மீ. பின்வாங்கினால் மாஸ்டர் சிலிண்டர் 3.4 மி.மீ. கூடுதலாகப் போக வேண்டும், பெடலின் நெம்புகோல் விகிதம் 4 என்றால் கால் அடியில் 13 மி.மீ.க்கு மேல் சும்மா போகும். ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கினால் 27. காலுக்கு அதுதான் "பாதி பெடல்". இரண்டாவது மிதிப்பில் இடைவெளி நிரம்பிவிடுவதால் பெடல் பழையபடி மேலே கெட்டியாகிவிடும். ஆயில் கொதித்திருந்தால் எத்தனை முறை மிதித்தாலும் அந்தப் பஞ்சுத்தன்மை முழுசாகப் போகாது. அந்த வித்தியாசம் இரண்டாவது டிராக் டேயிலேயே என் காலுக்குத் தெரிந்திருந்தது, மண்டைக்குத்தான் ஏறவில்லை.

சரி, பழைய காலிப்பரில் ஏன் இது வரவில்லை? அது மிதக்கும் வகை. ஒரே பிஸ்டன், மொத்தக் காலிப்பரும் இரண்டு பின்களின் மேல் பக்கவாட்டில் நகரும். டிஸ்க் சாய்ந்தால் காலிப்பரும் கூடவே கொஞ்சம் நகர்ந்துகொடுக்கும், பிஸ்டன் அவ்வளவாகத் தள்ளப்படாது. நான்கு பிஸ்டன் காலிப்பர் நக்கிளோடு (ஹப்பையும் பேரிங்கையும் தாங்கும் இரும்புத் துண்டு) போல்ட் போட்டு அசையாமல் நிற்பது, டிஸ்க் நகர்ந்தால் பிஸ்டன்தான் போக வேண்டும்.

இனி பேரிங் ஏன் போனது. யாரிடம் சொன்னாலும் முதலில் ஸ்பேசரைத்தான் திட்டினார்கள், நானும் அதைத்தான் நினைத்தேன். எழுதிப் பார்த்தால் அவ்வளவு நேராக இல்லை. வளைவில் வெளிப்பக்க முன்சக்கரம் பக்கவாட்டில் தாங்குவது இந்த வண்டியில் கிட்டத்தட்ட 4,500 நியூட்டன். டயரின் ஆரம் 0.28 மீட்டர். பெருக்கினால் 1,260 நியூட்டன் மீட்டர் பேரிங்கைச் சாய்க்கப் பார்க்கிறது. 20 மி.மீ. ஸ்பேசர், அதே சக்கரத்தின் மேல் 5,000 நியூட்டன் எடை, பெருக்கினால் 100 நியூட்டன் மீட்டர்தான். அதுவும் வெளிப்பக்கச் சக்கரத்தில் இந்த 100 எதிர்த் திசையில் வேலை செய்கிறது, அதாவது அந்த வளைவில் ஸ்பேசர் ஒரு துளி உதவிதான் செய்திருக்கிறது! தினசரி ரோட்டில், பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அது கெடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் டிராக்கில் பேரிங்கை வதைத்தது ஸ்பேசரல்ல, கூடுதல் பிடிப்பு கொடுத்த டயர். டிராக் கடிகாரச் சுற்றில் ஓடுவது, வலது வளைவுகளே அதிகம், எனவே இடது பக்கம்தான் அடி வாங்கும்.

இருந்தும் ஒரு கேள்வி மிச்சம். அதே டயர், கொஞ்சம் குறைந்த சுமையோடு, வலது பக்கமும்தான் ஓடியது. அங்கே 0.04, இங்கே 0.35. டயர் மட்டுமே காரணமென்றால் இவ்வளவு இடைவெளி இருக்காது.

பதில் ஹப் நட்டைக் கழற்றும்போது கிடைத்தது. வலது பக்கத்து நட்டைப் பிற்பாடு கழற்றியபோது ஸ்பேனரில் ஒரு மீட்டர் குழாய் மாட்டி, அதன் மேல் ஏறி நின்றால்தான் அசைந்தது. இடது பக்கத்து நட் குழாய் மாட்டாமலே கழன்றது. கையில் எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் பழைய உளி அடி ஒன்று, அதற்குப் பக்கத்தில் புதிய அடி ஒன்று. சிவி பூட் மாற்றிய அன்று நான் பழைய நட்டையே திரும்பப் போட்டிருக்கிறேன். என் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) அந்த நட்டுக்கு வேண்டிய அளவுக்குப் போகாது என்பதால் "நல்லா டைட்டா இருக்கு" என்ற கணக்கில் கையால் இறுக்கி, விளிம்பைத் தட்டி மடக்கிவிட்டிருக்கிறேன்.

இந்த வகை பேரிங்கில் இரண்டு வரிசை குண்டுகள், உள்வளையம் இரண்டு துண்டு. அந்த இரண்டு துண்டையும் சேர்த்து அழுத்திப் பிடிப்பது ஹப் நட்தான். பேரிங்குக்குள் எவ்வளவு இறுக்கம் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதும் அதே நட். பல சின்னக் கார்களில் அதன் அளவு 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். கை இறுக்கம் அதில் பாதி வந்திருந்தால் அதிசயம். உள்ளே இடைவெளி விழுந்தது, அரை ஸ்லிக் டயர் அதை இடித்து இடித்துப் பெரிதாக்கியது, அசையாத காலிப்பர் அதைப் பெடலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. மூன்றும் ஒரே வாரத்தில் ஒரே ஆள் செய்த வேலை.

சரிசெய்தது பெரிய விஷயமில்லை. நக்கிளை இறக்கி, பிரஸ்ஸில் ஹப்பைத் தள்ளியதும் பேரிங் இரண்டாகப் பிரிந்து உள்வளையத்தின் பாதி ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டது. கிரீஸ் கறுத்துப் போயிருந்தது, வெளிவளையத்தில் குண்டுகள் பதிந்த தடம் வரிசையாகத் தெரிந்தது. புதியதை ஏற்றும்போது நக்கிளுக்குள் தள்ள வெளிவளையத்தில் மட்டும் அழுத்தம், ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்கு அடியில் முட்டு. இதை மாற்றிச் செய்தால் அழுத்தம் குண்டுகள் வழியாகப் போய் புது பேரிங் போடும்போதே செத்துவிடும். இரண்டு பக்கமும் புது நட், பெரிய டார்க் ரெஞ்சை இரவல் வாங்கி கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கி, நட்டிலிருந்து ஆக்சில் முனைவரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. கோடு பிசகினால் நட் நகர்ந்திருக்கிறது. இப்போது டயல் கேஜில் இடது 0.03.

நான்காவது டிராக் டே. நீண்ட வலது வளைவிலிருந்து வெளியே வந்ததும் பழக்கத்தில் இடது காலால் பெடலை லேசாக ஒரு தட்டுத் தட்டினேன். நாக்-பேக் சந்தேகம் உள்ளவர்கள் பேட்டைத் திரும்ப டிஸ்க்கோடு ஒட்டவைக்க இப்படிச் செய்வார்கள். கிளட்ச் வண்டியிலேயே ஊறியவர்கள் இதை முயற்சி செய்யும் முன் யோசியுங்கள், கிளட்சை மிதித்தே பழகிய இடது காலுக்கு லேசாக என்றால் என்னவென்றே தெரியாது. தேவையே இருக்கவில்லை, பெடல் மேலேயே நின்றது. மதியம் தட்டாமலே ஓட்டினேன். ஒருமுறைகூடப் போகவில்லை.

அப்புறம் எனக்கு ஒரு அரிப்பு. அந்த நான்கு பிஸ்டன் காலிப்பர் உண்மையில் தேவைதானா? ஐந்தாவது முறை பழைய மிதக்கும் காலிப்பரையே மாட்டினேன். பின்களைக் கழற்றி, துடைத்து, சிலிக்கான் கிரீஸ் போட்டேன். பழைய டிஸ்க் அளவு, டிராக் பேட், புது ஆயில், முன் பம்பரிலிருந்து டிஸ்க் நடுவுக்கு ஒரு காற்றுக் குழாய். ஸ்பேசரும் போனது, ஸ்டீயரிங் இழுப்பு குறைந்தது அதன் உபரி லாபம். ஆறு லேப், ஒரு ஆறவைக்கும் லேப், பிட்டில் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்தம், இப்படி நாள் முழுக்க ஓட்டியும் பெடல் மாறவில்லை. 1,080 கிலோ வண்டிக்கு இது போதும். பெரிய காலிப்பர் இப்போது பெட்டிக்குள் இருக்கிறது.

ஒன்றே ஒன்று. மிதக்கும் காலிப்பரோடு ஓடும்போது பேரிங்கில் மறுபடி ஆட்டம் விழுந்தால் பெடல் எனக்குச் சீக்கிரம் சொல்லாது. அதனால் இரண்டு டிராக் டேக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி டயல் கேஜ் வைக்கிறேன். போன முறை இடது 0.03, வலது 0.05. வலதை எழுதிவைத்திருக்கிறேன், அடுத்த முறை 0.08-ஐத் தாண்டினால் அந்தப் பக்கத்துப் பேரிங்கும் மாறும்.